மீண்டு வரும் பிள்ளைக்கு வீடும் ஊரும் துணை

சில ஆண்டுகளுக்கு முன், தாமல் பக்கத்து நெசவாளர் குடும்பம் ஒன்றைச் சேர்ந்த 19 வயது இளைஞர் எங்கள் பிரிவில் 12 நாட்கள் தங்கிச் சிகிச்சை பெற்றார். வலி நிவாரணி மாத்திரைகளும் மதுவும் அவரைப் பிடித்திருந்தன. உடல் தேறி, முகம் தெளிந்து வீடு திரும்பினார். வாரந்தோறும் புதன்கிழமை காலையில் வந்து பார்க்குமாறு சொல்லி அனுப்பினோம். இரண்டு வாரங்கள் வந்தார், பிறகு வரவில்லை. குறிப்பேட்டில் 'சிகிச்சைக்கு ஒத்துழைக்கவில்லை' என்று எழுதி வைத்தோம்.

ஐந்து மாதங்கள் கழித்து அவருடைய தாய் தனியாக வந்தார். “அவன் வரமாட்டேன்னு சொல்லலை டாக்டர். நீங்க சொன்ன நாள்ல வந்தா அன்னிக்குக் கூலி போயிடுது. ரெண்டு வாட்டி லீவு போட்டான். மூணாவது வாட்டி கேட்டப்போ வேலைக்கே வரவேணாம்னுட்டாங்க” என்றார். வேலை போனது; பகல் முழுவதும் செய்வதற்கு ஒன்றுமில்லை; பழைய நண்பர்கள் மட்டுமே தேடி வந்தனர்; மாத்திரையும் திரும்ப வந்தது.

எங்கள் குறிப்பேட்டில் இருந்த வரி தவறு என்பதை அன்று உணர்ந்தோம். ஒப்பந்தத் தொழிலாளியான ஓர் இளைஞரால் வேலை நாளின் காலையில் வர இயலுமா என்று நாங்கள் கேட்கவே இல்லை. மருந்து கொடுத்ததோடு எங்கள் கடமை முடிந்ததாக எண்ணியிருந்தோம். வறுமையில் வாழும் இளைஞர் போதையிலிருந்து மீள்வது பாதி மருத்துவமனையிலும் பாதி வீட்டிலும் ஊரிலும் நடக்கிறது. அந்த இரண்டாம் பாதியைப் பற்றியே இக்கட்டுரை. இதில் வரும் குடும்பத்தினரை எவரும் அடையாளம் காணாதவாறு விவரங்களை மாற்றியிருக்கிறோம்.

ஏன் நம் பிள்ளைகள்?

காஞ்சிபுரத்துக்கு மேற்கே, சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையை ஒட்டி, பெரிய ஏரியும் வராகீசுவரர் கோயிலும் கொண்டது தாமல். இவ்வட்டாரத்தில் ஒரு தலைமுறைக்கு முன்வரை பிள்ளைகள் தறியருகே வளர்ந்தனர். முதலாளியிடம் வாங்கிய முன்பணம் கழியும்வரை குடும்பம் முழுவதும் தறியோடு கட்டுண்டிருந்த காலம் அது. பள்ளி செல்ல வேண்டிய வயதில் தறியில் அமர்ந்த சிறுவர் பலர். அந்நிலை இன்று வெகுவாக மாறிவிட்டது. ஆயினும் அடுத்த தலைமுறைக்குக் கிடைத்தது பெரும்பாலும் நிலையான வேலை அன்று. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்சாலைகளுக்கு நிறுவனப் பேருந்தில் சென்று, மாறி மாறி வரும் முறைப்பணி செய்து, சில மாதங்களில் ஒப்பந்தம் முடிந்து வீடு திரும்பும் இளைஞர்களை அடிக்கடி காண்கிறோம்.

இரவுப் பணியில் உறக்கம் கெடுகிறது, உடல் வலிக்கிறது, கையில் சிறிது பணம் இருக்கிறது, வீட்டில் கடன் இருக்கிறது. “ஒரு மாத்திரை போட்டால் வலி தெரியாது” என்று ஒருவர் சொல்வதே பலருக்குத் தொடக்கமாக அமைகிறது. பள்ளியை இடையில் நிறுத்தியவர்கள், குடிக்கும் தந்தையைப் பார்த்து வளர்ந்தவர்கள், தாயையோ தந்தையையோ இழந்தவர்கள், சிறு வயதில் வன்முறைக்கு ஆளானவர்கள் ஆகியோருக்கு ஆபத்து அதிகம். மூளையில் ஆசையைக் கட்டுப்படுத்தும் பகுதி இருபதுகளின் நடுப்பகுதிவரை வளர்ந்துகொண்டே இருக்கிறது. இளவயதில் தொடங்கும் பழக்கம் ஆழமாகப் பதிவதற்கு அதுவும் ஒரு காரணம். ஆகவே இதை ஒழுக்கக்கேடு என்று ஒதுக்குவது மருத்துவ உண்மைக்குப் பொருந்தாது.

எய்ம்ஸ் மருத்துவர்கள் நடுவண் அரசுக்காக நடத்தி 2019-இல் வெளியான தேசிய ஆய்வு இரண்டு செய்திகளைச் சொல்கிறது. மதுவுக்கு அடிமையானோரில் 38 பேருக்கு ஒருவரே ஏதேனும் சிகிச்சை பெற்றிருக்கிறார். சட்டவிரோதப் போதைப்பொருளுக்கு அடிமையானோரில் 20 பேருக்கு ஒருவர். பசை, தின்னர் போன்றவற்றை முகரும் பழக்கம் மட்டும் பெரியவர்களைவிட (0.58 சதவீதம்) சிறுவரிடமே (1.17 சதவீதம்) கூடுதலாகக் காணப்பட்டது. விலை மலிவு, எளிதில் கிடைக்கும் என்பதால் ஏழைப் பிள்ளைகளை அது முதலில் எட்டுகிறது.

கவனிக்க வேண்டிய அடையாளங்கள்

ஓர் அடையாளத்தை மட்டும் வைத்து முடிவு செய்ய வேண்டாம். பல சேர்ந்து வரும்போது கவனியுங்கள். உறக்க நேரம் தலைகீழாவது, பழைய நண்பர்களை விட்டுப் புதியவர்களோடு மட்டும் சேர்வது, பணமும் வீட்டுப் பொருள்களும் காணாமல் போவது, வேலைக்கோ பள்ளிக்கோ அடிக்கடி செல்லாமலிருப்பது ஆகியவை பொதுவானவை. கண் சிவந்து, காரணமின்றிச் சந்தேகமும் அச்சமும் கொண்டால் கஞ்சாவை நினைக்க வேண்டும். கண்மணி மிகச் சிறுத்து, பகலில் உறங்கி விழுந்தால் வலி நிவாரணி மாத்திரையை நினைக்க வேண்டும். வெயிலிலும் முழுக்கைச் சட்டையைக் கழற்றாத பிள்ளையின் கையில் ஊசித் தழும்பு இருக்கலாம். ஆடையிலும் மூச்சிலும் பெயின்ட் வாடை, வாயைச் சுற்றிப் புண் ஆகியவை முகரும் பழக்கத்தின் குறிகள்.

உதட்டில் அடக்கிக்கொள்ளும் புகையிலைப் பொட்டலங்களைச் சிறியது என்று விட்டுவிடாதீர்கள். பல பிள்ளைகளின் முதல் படி அதுவே. குட்கா வகைகளுக்குத் தமிழ்நாட்டில் 2013 முதல் தடை உள்ளது. அப்படியிருந்தும் பள்ளிப் பைகளில் அவை அகப்படுகின்றன. வாய்ப்புற்றுநோய் அவற்றின் பின்னாலேயே வருகிறது.

வீட்டில் செய்யக்கூடாதவை

மனம் நொந்த குடும்பங்கள் அன்பினாலும் அச்சத்தினாலும் சில முடிவுகளை எடுக்கின்றன. அவற்றுள் ஐந்து உயிருக்கே ஆபத்தானவை, அல்லது நோயை வளர்ப்பவை.

முதலாவது, தெரியாமல் மருந்து கலந்து கொடுப்பது. 'குடிப்பவருக்குத் தெரியாமலே குடியை நிறுத்தலாம்' என்ற விளம்பரங்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். டைசல்பிராம் என்னும் மருந்து உடலில் இருக்கும்போது மது அருந்தினால் இரத்த அழுத்தம் திடீரென வீழ்ந்து, இதயத் துடிப்புத் தாறுமாறாகி, உயிர் போகலாம். முழு விவரம் அறிந்து, ஒப்புக்கொண்டவருக்கு மட்டும், பரிசோதனைகளுக்குப் பின் கொடுக்க வேண்டிய மருந்து அது. சாம்பாரில் கலக்கும் பொருள் அன்று.

இரண்டாவது, நாள்தோறும் அதிகமாகக் குடித்தவரை அறையில் பூட்டி, ஒரே நாளில் நிறுத்தச் செய்வது. மது நின்ற சில மணி நேரத்தில் கைநடுக்கமும் வியர்வையும் தொடங்கும். முதல் இரண்டு நாட்களில் வலிப்பு வரலாம். இரண்டாம் நாள் முதல் நான்காம் நாள்வரை மனக்குழப்பம், இல்லாததைப் பார்ப்பது, கடும் காய்ச்சல் ஆகியவை வந்து உயிரிழப்பும் நேரலாம். மருத்துவமனையில் உரிய மருந்தும் வைட்டமின் பி-1 ஊசியும் கொடுத்தால் இவற்றைப் பெரும்பாலும் தடுத்துவிடலாம்.

மூன்றாவது, அடித்தும் சங்கிலியிட்டும் 'திருத்தும்' இடங்களுக்கு அனுப்புவது. 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் போதைப் பழக்கத்தால் வரும் மனநிலைகளையும் மனநோயின் கீழ்க் கொண்டுவருகிறது. சங்கிலியிடுவதைத் தடை செய்கிறது. சேர்ப்பதற்கு முன் அந்த மையத்தின் பதிவுச் சான்றிதழைக் கேளுங்கள். மருத்துவர் யார், குடும்பத்தினர் எப்போது பார்க்கலாம் என்று கேளுங்கள். 18 வயதுக்குட்பட்டவரைச் சேர்க்கும்போது பெற்றோரோ அவர்கள் சார்பில் ஒருவரோ உடன் தங்கியிருக்க வேண்டும் என்பது சட்டம். 'மூன்று மாதம் யாரும் பார்க்க முடியாது' என்று சொல்லும் இடத்திலிருந்து பிள்ளையோடு திரும்பி வந்துவிடுங்கள்.

நான்காவது, 'கல்யாணம் செய்து வைத்தால் சரியாகிவிடும்' என்பது. சரியாவதில்லை; துன்பப்படுபவர் எண்ணிக்கை ஒன்று கூடுகிறது. ஐந்தாவது, ஊர் கூட்டி அவமானப்படுத்துவது. அவமானம் போதையை நிறுத்தாது. அதை மறைக்கக் கற்றுக்கொடுக்கும்.

சிகிச்சை என்பது என்ன?

முதல் கட்டத்தில் உடலிலிருந்து போதை வெளியேறும்போது வரும் துன்பத்தைக் குறைக்கிறோம். மது, மாத்திரை ஆகியவற்றுக்கு இதற்கெனத் தேர்ந்த மருந்துகள் உள்ளன. ஊசி பயன்படுத்தியவர்களுக்கு எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, சி பரிசோதனைகள் தேவை. அரசு மருத்துவமனைகளின் நம்பிக்கை மையங்களில் எச்.ஐ.வி. பரிசோதனை இலவசமாகவும் இரகசியமாகவும் செய்யப்படுகிறது. இரண்டாம் கட்டத்தில் மனச்சோர்வு, பதற்றம், உறக்கமின்மை போன்று உடன் இருக்கும் நோய்களைக் கண்டறிகிறோம். பழக்கத்தைத் தூண்டும் இடம், ஆள், நேரம், மனநிலை ஆகியவற்றை இளைஞரே எழுதிப் பார்க்கிறார். பலருக்கு அது சம்பள நாளாக இருக்கிறது. சிலருக்குத் தந்தையோடு சண்டையிட்ட மாலையாக இருக்கிறது.

மூன்றாம் கட்டமே நீண்டது: குறைந்தது ஓராண்டுத் தொடர்கவனிப்பு. ஏழைக் குடும்பங்கள் தடுக்கி விழுவது இங்கேதான். அதற்கு வழி உண்டு என்பதைக் காட்டிய ஊர் ஒன்று தமிழ்நாட்டிலேயே இருக்கிறது.

மஞ்சக்குடி காட்டிய வழி

குடிநோயால் கணவரை இழந்த சாந்தி ரங்கநாதன் 1980-இல் சென்னையில் டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆய்வு அறக்கட்டளையைத் தொடங்கினார். அதன் டி.டி.கே. மருத்துவமனை நாட்டின் போதை மீட்புப் பணிக்கு முன்னோடிகளுள் ஒன்றாயிற்று. அவருக்கு 1992-இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. நகரத்து மருத்துவமனைக்கு வந்து தங்க இயலாத கூலித் தொழிலாளர்களை எவ்வாறு எட்டுவது என்ற கேள்வி அக்குழுவினர் முன் நின்றது. அவர்கள் 1989-இல் சிகிச்சையையே ஊருக்குக் கொண்டு சென்றனர். அன்றைய தஞ்சாவூர் மாவட்டத்தில் இருந்த, இன்று திருவாரூர் மாவட்டத்தைச் சேர்ந்த மஞ்சக்குடி என்னும் சிற்றூரில் 15 நாள் முகாம் நடத்தினர்.

அந்த முகாமின் அமைப்பே அதன் சிறப்பு. ஊரிலுள்ள அமைப்பு ஒன்று ஏற்று நடத்த, ஊரார் துணை நின்றனர். மருத்துவர்களும் ஆலோசகர்களும் அங்கேயே சென்று பணியாற்றினர். குடும்பத்தினருக்கும் தனியே ஆலோசனை நடந்தது. முகாம் முடிந்த பின்னும் தொடர்கவனிப்பு ஊரிலேயே நடைபெற்றது. இந்த அனுபவம் 1994-இல் போதை நோய்க்கான பன்னாட்டு மருத்துவ இதழ் ஒன்றில் கட்டுரையாக வெளிவந்தது.

இதிலிருந்து நாங்கள் கற்றது ஒன்று: அண்டை வீட்டார் கண்முன் சிகிச்சை நடக்கும்போது அது வெட்கத்துக்குரிய இரகசியமாக இருப்பதில்லை. ஆசிரியர், கடைக்காரர், உறவினர் ஆகியோர் அவர் மீள்வதற்குத் துணைநிற்கும் வாய்ப்பு உண்டாகிறது. மஞ்சக்குடிக்கு வந்தவர்கள் குடிநோய்க்கு ஆளானவர்கள். மாத்திரைக்கும் கஞ்சாவுக்கும் ஆளான நம் இளைஞர்களுக்கு மருந்தும் முறையும் சில இடங்களில் மாறும். வீட்டுக்கு அருகில் சிகிச்சை, ஊர்த்துணை, நீண்ட தொடர்கவனிப்பு என்ற மூன்றும் மாறா.

எங்கள் பிரிவிலும் சிறு மாற்றங்களைச் செய்தோம். தொடர்கவனிப்பு நேரத்தை வேலை முடிந்து வரத்தக்க மாலைக்கு மாற்றினோம். வர இயலாத வாரத்தில் தொலைபேசியில் பேசுகிறோம். யாரேனும் இருமுறை வரவில்லையெனில் 'ஒத்துழைக்கவில்லை' என்று எழுதுவதில்லை. 'ஏன் வர இயலவில்லை?' என்று அழைத்துக் கேட்கிறோம். பெரும்பாலும் விடை எளியதாகவே இருக்கிறது: பேருந்துக் கட்டணம், முறைப்பணி, உடன் வர ஆளில்லை.

மீண்டும் தவறினால்

மீளும் பாதையில் ஒருமுறையேனும் தவறாதவர் குறைவு. நீரிழிவு நோயாளிக்கு ஒரு மாதம் சர்க்கரை கூடினால் மருந்தைத் திருத்துகிறோம். அவரை வீட்டை விட்டுத் துரத்துவதில்லை. நெசவாளர் வீடுகளில் இதை விளக்குவது எளிது. பாவில் இழை அறுந்தால் முடிச்சிட்டு நெய்வார்கள். அதற்காகத் தறியைக் கலைப்பதில்லை.

ஆனால் ஓர் எச்சரிக்கை. வலி நிவாரணி மாத்திரை, ஹெராயின் போன்றவற்றைச் சில வாரங்கள் நிறுத்தியிருந்தவரின் உடல் பழைய அளவைத் தாங்காது. முன்பு எடுத்த அதே அளவு இப்போது மூச்சை நிறுத்திவிடலாம். சிகிச்சை முடிந்து வந்த முதல் வாரங்களும், சிறையிலிருந்து வந்த முதல் வாரங்களும் மிக ஆபத்தானவை. எழுப்பியும் எழாமல், மூச்சு மிக மெதுவாகி, உதடு நீலம் பாரித்தால் அவரைப் பக்கவாட்டில் படுக்கவைத்து உடனே 108-ஐ அழையுங்கள். என்ன எடுத்தார் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். திட்டுவதற்குப் பிறகு நேரம் இருக்கும்.

வேலை, கடன், சட்டம்

போதையை விட்ட இளைஞருக்கு முதலில் தேவைப்படுவது காலையில் எழுந்து செல்ல ஓர் இடம். ஐ.டி.ஐ. படிப்பு, அரசின் 'நான் முதல்வன்' திட்டத் திறன் பயிற்சி, மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகம் ஆகியவற்றை நாங்கள் மருந்துச் சீட்டோடு சேர்த்தே பேசுகிறோம். முதல் சில மாதங்கள் இரவுப் பணி இல்லாத வேலை நல்லது. சம்பளம் முழுவதும் கைக்கு வராமல், அவர் சம்மதத்தோடு ஒரு பகுதி தாயின் கணக்கிலோ கடன் தவணைக்கோ செல்வது பலருக்கு உதவியிருக்கிறது. அவர் பட்ட கடனைக் குடும்பம் உடனே அடைத்துவிடுவது நல்லதன்று. தம் சம்பாத்தியத்தில் சிறிது சிறிதாக அவரே அடைக்க உதவுவது நல்லது.

'சிகிச்சைக்குப் போனால் போலீஸில் பிடித்துக் கொடுப்பார்களா?' என்று பலர் அஞ்சுகின்றனர். மருத்துவரிடம் சொல்வது இரகசியமாகக் காக்கப்படும். போதைப்பொருள் பயன்படுத்தியதற்காகவோ மிகச் சிறு அளவு வைத்திருந்ததற்காகவோ குற்றம் சாட்டப்பட்டவர், அரசு அங்கீகரித்த இடத்தில் தாமே முன்வந்து சிகிச்சை பெற்றால் வழக்கிலிருந்து பாதுகாப்புப் பெற 1985-ஆம் ஆண்டு போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 64-ஏ பிரிவு இடமளிக்கிறது. சிகிச்சையைப் பாதியில் விட்டால் அந்தப் பாதுகாப்பு நீங்கக்கூடும். மறுபுறம், 18 வயதுக்குட்பட்டவருக்கு மதுவோ புகையிலையோ போதைப்பொருளோ கொடுப்பவருக்கும், அவற்றைக் கடத்தவும் விற்கவும் சிறுவரைப் பயன்படுத்துபவருக்கும் 7 ஆண்டுவரை சிறையும் 1 லட்சம் ரூபாய்வரை அபராதமும் உண்டு. பையைக் கொண்டுபோய்க் கொடுத்தால் நூறு ரூபாய் என்று ஆசை காட்டப்படும் சிறுவன் முதலில் காக்கப்பட வேண்டியவன்.

பராமரிப்பவர்களே, உங்களுக்கு

போதை தெளிந்திருக்கும் நேரத்தில் மட்டும் பேசுங்கள். 'நீ இப்படி' என்பதைவிட 'நேற்று இரவு நீ வராதபோது நான் உறங்கவில்லை' என்பது காதில் விழும். போதைக்குப் பணம் தராதீர்கள். உணவையும் படுக்கையையும் மறுக்காதீர்கள். அடிக்க வந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை. அங்கிருந்து விலகி உதவி கேளுங்கள். தங்கை, தம்பியரின் படிப்பும் உறக்கமும் கெடாமல் பாருங்கள். அவர் வர மறுத்தாலும் நீங்கள் மட்டுமாவது ஆலோசனைக்கு வரலாம். குடும்பம் முதலில் வந்து, பிள்ளை பின்னால் வந்த நிகழ்வுகள் எங்களிடம் உண்டு.

கட்டுரையின் தொடக்கத்தில் சொன்ன தாயும் அப்படித்தான் வந்தார். அடுத்த வாரம் மகன் வந்தார். அதன் பின்னும் அவர் இருமுறை தவறினார். முதலில் தவறியபோது எங்களிடம் திரும்ப 5 மாதங்கள் ஆயின. அடுத்த முறை 3 வாரங்கள். கடைசி முறை மறுநாள் மாலையே வந்து, “நேத்து தப்புப் பண்ணிட்டேன் டாக்டர்” என்றார். இன்னும் சிகிச்சையில் இருக்கிறார். பகல் பணி ஒன்றில் இருக்கிறார். தவறினாலும் திரும்பி வரலாம் என்ற நம்பிக்கை அவருக்குப் பிறந்ததை நாங்கள் பெரிய முன்னேற்றமாகக் கருதுகிறோம். அந்த நம்பிக்கை எந்தப் பிள்ளைக்கும் அற்றுப்போகாமல் காப்பது உங்கள் கையிலும் எங்கள் கையிலும் இருக்கிறது.

உதவிக்கு: போதை மீட்புக்கான தேசிய உதவி எண் 14446. மனநல ஆலோசனைக்கு டெலி-மானஸ் 14416. தமிழ்நாடு மருத்துவ உதவி எண் 104. அவசர ஊர்தி 108. ஆபத்திலுள்ள சிறுவர்களுக்கு 1098. போதைப்பொருள் விற்பனை குறித்துப் புகார் அளிக்க 10581. மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ் அரசுத் தலைமை மருத்துவமனையில் மனநல மருத்துவரைக் கட்டணமின்றிப் பார்க்கலாம். தமிழ்நாடு அரசு 2025-இல் 'கலங்கரை' என்ற பெயரில் 25 போதை மீட்பு மையங்களை அரசு மருத்துவமனைகளில் தொடங்கியுள்ளது. உங்களுக்கு அருகில் உள்ளதை 104-இல் கேட்டறியுங்கள்.